விசைப்பலகை சொல்லித்தரும் உயிர்மெய்

ஞாயிறுதோறும் நம் சங்க வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி, ஊரிலிருக்கும் பாட்டிக்குக் கைப்பேசியில் "இன்னைக்குப் பல்லிக்குப் போனேன்" என்று எழுதி அனுப்பினாள். பாட்டி சிரித்தாராம், எனக்குச் சிரிப்பு வரலை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கும்போது, லகரமா ளகரமா என்று குழந்தை யோசிப்பதே இல்லை. கருவி முதலில் காட்டுவதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

அதனால் வகுப்பில் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை இது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்துகள்; வலக்கைப் பக்கம் பெரும்பாலும் க, ப, ம போன்றவை. க-வைத் தட்டி இ-யைத் தட்டினால் 'கி'. உயிர்மெய் பிறக்கும் விதம் கண்முன்னே தெரிகிறது. ப, ள, ள, இ என நான்கே தட்டல்கள்: 'பள்ளி'. புள்ளி தானாக விழும். ஆனால் ளகரத்தைக் குழந்தைதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸ் கணினியிலும் ஐபோனிலும் அமைப்புகளில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம், செலவில்லை. ஒலியை மட்டும் விசைப்பலகை தராது. அதை வீட்டில் நீங்கதான் நாக்கை மடித்துச் சொல்லிக் காட்டணும்.