செவுளும் செல்போனும்

நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்க நிற்கும்போது செல்போன் பேச்சு எப்படியும் வந்துவிடும். ‘நோக்கியான்னா கல்லு மாதிரிப்பா, கீழ வுட்டாலும் ஒண்ணும் ஆவாது. இப்ப வர்றதெல்லாம் டுபாக்கூர்’ என்றார் மீன் விற்கும் அக்கா. வெறும் அபிப்பிராயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பொருளின் உறுதி இங்கே கம்பெனிப் பெயரின் குணமாகிவிடுகிறது. மனித உழைப்பின் உறவுகள் பண்டத்தின் இயல்புபோலத் தோற்றம் கொள்வதை மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். அந்தக் ‘கல்’ பலவற்றைப் பூட்டிய கைகள் தூரத்தில் இல்லை, ஸ்ரீபெரும்புதூரில் இருந்தன. 2006இல் அங்கே திறந்த நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஏராளமானோர் இளம்பெண்கள். 2014 ஏப்ரலில் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரி வழக்கில் முடங்கிய இந்த ஆலை கைமாறவில்லை. அந்த ஆண்டே ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வில்’ வெளியேறினார்கள். யாருடைய விருப்பம்? நவம்பர் 1 அன்று உற்பத்தியும் நின்றது. நோக்கியா மீதான ஏக்கம் மட்டும் நம்மிடம் மிஞ்சியது. அந்த ஏக்கத்தில் அந்தப் பெண்கள் இல்லை.

அதே அக்கா செவுளைத் தூக்கிக் காட்டி, மீன் இன்றையதா நேற்றையதா, யார் வலையில் விழுந்தது என்று சொல்லிவிடுவார். கடலுக்குப் போனவனை அவருக்குத் தெரியும். அதனால் மீனில் அவருக்கு மாயம் கிடையாது. ஆலை மூடிய செய்தியை நான் ஒரு நோக்கியாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அதன் செவுளைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அக்கா மட்டுமல்ல.