போதைப்பொருள் வழக்கில் சிக்கினால் சிறைதானா? சிகிச்சைக்கும் சட்டத்தில் வழி இருக்கு!

இப்படி வைத்துக்கொள்வோம். இரவு வாகனச் சோதனையில் 22 வயசுப் பையனின் பையில் 30 கிராம் கஞ்சா. வழக்குப் பதிவாகிறது. வீட்டில் எல்லோரும் கேட்பது, ‘ஜாமீன் கிடைக்குமா?’ அதோடு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: ‘சிகிச்சைக்குப் போக முடியுமா?’

முடியும். 1985-ம் ஆண்டு என்.டி.பி.எஸ் சட்டத்தில் அதற்கு 2 பிரிவுகள் இருக்கு.

தண்டனைக்கு முன்: பிரிவு 64ஏ

போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். ஆனா, பாதியில் நிறுத்தினால் அந்த விலக்கு பறிபோகலாம்.

குற்றம் உறுதியான பின்: பிரிவு 39

வயது, பின்னணி, உடல் மற்றும் மனநிலையைப் பார்த்து, உடனே தண்டனை தராமல் நீதிபதி சிகிச்சைக்கு அனுப்பலாம். அதற்கு அவருடைய சம்மதம் அவசியம். பத்திரம் எழுதித் தரணும். ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு நீதிமன்றத்துக்கு வரணும். அறிக்கை திருப்தி என்றால், 3 ஆண்டுகள் வரை குற்றம் செய்ய மாட்டேன் என்ற பத்திரத்தோடு எச்சரித்து விடுவிக்கலாம். மீறினால், தண்டனை.

யாருக்குப் பொருந்தும்?

போதைப்பொருள் பயன்படுத்திய வழக்கு, அல்லது ‘சிறு அளவு’ வழக்குகளுக்கு மட்டும். கஞ்சா 1 கிலோ, ஹெராயின் 5 கிராம், கொக்கைன் 2 கிராம் வரை சிறு அளவு. முக்கியமாக, அவர் போதைக்கு அடிமையானவராக இருக்கணும். ஒருமுறை இழுத்துப் பார்த்து மாட்டியவருக்கு இந்தக் கதவு திறக்காது.

சிக்கல் எங்கே?

இந்தக் கதவு தானா திறப்பதில்லை. 64ஏ-வுக்கு அவரே கேட்கணும். 39-ல் நீதிபதி ‘அனுப்பலாம்’ என்றுதான் இருக்கு, ‘அனுப்ப வேண்டும்’ என்று இல்லை. ‘ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா முடிஞ்சது’ என்று நினைத்தால், குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவில் நிற்கும். அடிமைத்தனமும் அப்படியே இருக்கும். அதே மாதிரி வழக்கில் மறுபடி தண்டனை பெற்றால், அதிகபட்ச சிறைக்காலம் ஒன்றரை மடங்கு வரை கூடலாம்.

என்ன செய்யலாம்?

முதல் நாளே வக்கீலிடம் 64ஏ பற்றிக் கேளுங்க. மையத்துக்கு அரசு அங்கீகாரம் இருக்கானு பாருங்க. சிகிச்சை ஆவணங்களைப் பத்திரமா வைங்க. வழக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446.