தம்மையே எழுதிக் கொடுத்தவர்



காணியை எழுதிக் கொடுப்பதை நாம் அறிவோம். சீதனமாக வீட்டை எழுதிக் கொடுப்பதையும் அறிவோம். 1677ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், கோவாவின் சங்கொவாலே என்னும் ஊரில், 26 வயது இளங்குரு ஒருவர் தம்மையே எழுதிக் கொடுத்தார். தேவதாயின் நித்திய அடிமை தாம் என ஒப்பமிட்ட அவரே, பின்னாளில் இலங்கையின் அப்போஸ்தலராக விளங்கிய புனித யோசேவாஸ் அடிகளார்.

‘அடிமை’ என்ற சொல் இன்று நம் செவிக்குக் கசக்கின்றது. கசப்பதும் நியாயமே, மனிதரை மனிதர் விலைபேசிய கொடுமையை அது நினைவூட்டுகின்றது. ஆயினும், வானதூதரின் முன் நாசரேத்துக் கன்னி தாமே விரும்பி ஏற்ற பெயர் அது. திரிகால செபத்தில் நாமும் அதை நாள்தோறும் உச்சரிக்கின்றோம், பெரும்பாலும் பொருளை எண்ணாமலே.

எழுதிக் கொடுத்த காணியில் பழைய உரிமையாளருக்குச் சொல் இல்லை. ஒல்லாந்தர் குருக்களைத் துரத்திவிட்ட இத்தீவுக்கு அடிகளார் 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்தார். உடன் வந்தவர் யோவான் என்ற பணியாளர். (புனிதரின் சுரூபத்தின் முன் மண்டியிடும் நாம் இந்த யோவானை ஏனோ நினைப்பதில்லை.) யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இருவரும் கடும் வயிற்றுளைவால் வீழ்ந்தனர். தொற்றுக்கு அஞ்சிய ஊர் அவர்களை ஒதுக்கியது. இரக்கமுள்ள பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியே அவர்களைக் காத்தது என்று அவரது வரலாறு கூறுகின்றது.

பத்து ஆண்டுகளின் பின், 1697இல், கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னர் தலைநகரை விட்டு அகன்றார். உறவினரே நோயாளரைக் கைவிட்டனர். ஒற்றர் என்ற பழியோடு அதே நகரில் முன்னர் சிறையிருந்த அடிகளார், இப்போது வீடு வீடாகச் சென்றார். நோயாளருக்கு உணவூட்டினார்; புண்களைக் கழுவினார்; இறந்தோரை அடக்கஞ் செய்தார். கத்தோலிக்கர், பௌத்தர் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் பணியாளன், நாள் முழுதும் வயலில் உழைத்துத் திரும்பிய பின்னரும், தலைவனுக்குப் பரிமாற இடைக்கச்சையைக் கட்டுகின்றான். ‘என் வேலை முடிந்தது’ என்ற வாக்கியம் அவனிடம் இல்லை. நம் இல்லத்திலும் படுக்கையிலிருக்கும் பாட்டனாரோ தாயாரோ, நள்ளிரவில் தண்ணீர் கேட்டு அழைக்கக்கூடும். முதல் தடவை எழும்புவது எளிது. மூன்றாம் தடவை எழும்பும்போது நமது முகம் எவ்வாறு இருக்கின்றது?

அடிகளார் தாயகம் திரும்பவேயில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே கண்மூடினார். எழுதிக் கொடுத்து அப்போது 33 ஆண்டுகள் கடந்திருந்தன.