யானையை வாங்கிடலாம், தீனிக்கு என்ன வழி?

போன மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எடிசனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். "இங்க வாயேன், இதைப் பாரு."

2003-ஆம் வருஷத்து போர்ஷே பாக்ஸ்டர். வெள்ளி நிறம், 71,000 மைல், விலை 13,000 டாலர். எங்கள் மினிவேன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான்!

"இதுல ரெண்டு பேருதானே உட்கார முடியும்? நாம நாலு பேராச்சே" என்றாள் அவள்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா என் கட்சி. "வாங்குடா. நான் காலேஜ் படிக்கறப்போ சோழவரம் ரேஸ் பார்க்க சைக்கிள்லயே போயிருக்கேன், தெரியுமா?"

கடைசியாகப் பதினாறு வயது மகள் கேட்டாள்: "அப்பா, அடுத்த வருஷம் எனக்கு லைசென்ஸ் வந்துடும். நான் இதை ஓட்டலாமா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தூக்கம் கலைந்தது. உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன்.

கேம்ரி வீட்டுப் பிள்ளைகள்

நம்மில் பலர் கரோலா, கேம்ரி, அக்கார்டு வீடுகளில் வளர்ந்தவர்கள். கார் என்றால் ஆயில் மாற்றணும், டயர் மாற்றணும், அவ்வளவுதான். பத்து வருஷம் சத்தம் போடாமல் ஓடும். கார்ச் செலவு பற்றி நம் மனதில் இருக்கும் கணக்கு அங்கே உருவானது. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

காரணம் எளிது. அந்த பாக்ஸ்டர் புதிதாக வந்தபோது 40,000 டாலருக்கு மேல். இப்போது காரின் விலை இறங்கிவிட்டது. ஆனால் அதன் பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் இன்னமும் 40,000 டாலர் காருக்கான பாகங்கள். மெக்கானிக்கின் கூலியும் காரின் வயசைப் பார்த்துக் குறையாது. நியூ ஜெர்சியிலும் பே ஏரியாவிலும் டீலர் ஷாப்பில் மணிக்கு 200 டாலரைத் தாண்டுவது சகஜம்.

பலரும் பயப்படுவது பெட்ரோலுக்கு. வருஷத்துக்கு 4,000 மைல் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். காலனுக்கு 20 மைல் கொடுத்தால் 200 காலன். பிரீமியத்துக்குக் காலனுக்கு ஒரு டாலர் கூடுதல் என்றாலும், வருஷத்துக்கு 200 டாலர்தான் அதிகம். பயப்பட வேண்டியது அதற்கில்லை. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயர் ஒரு அளவு, பின் டயர் வேறு அளவு. அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது. டயரில் பூ நிறைய இருந்தாலும் வயசானால் ரப்பர் இறுகிவிடும். பிரேக் திரவம் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. இது எல்லாவற்றுக்கும் மேலே, "அந்த ஒரு பெரிய ரிப்பேர்" என்று ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று இருக்கும்.

ஒரு சின்ன பேரிங்

பாக்ஸ்டரில் அந்தப் பெரிய ரிப்பேர் எது என்று தேடியபோது கிடைத்தது ஒரு கோர்ட் வழக்கு. 1997 முதல் 2008 வரையிலான பாக்ஸ்டரிலும், அந்தக் காலத்துச் சாதாரண 911 கார்களிலும், கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பேரிங். அது உடைந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும், என்ஜினே போய்விடும்.

இதைப் பற்றி கலிஃபோர்னியா ஃபெடரல் கோர்ட்டில் நடந்த கூட்டு வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்கு அது பொருந்தியது. ஆனால் கார் முதலில் ரோட்டுக்கு வந்து 10 வருஷம் வரைதான். அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. இன்று உடைந்தால் செலவு முழுக்க நம் தலையில்.

பெரும்பாலான கார்களில் இந்தப் பேரிங் உடையவே இல்லை என்பதும் உண்மை. ஆனால் உடைந்தால் என்ஜின் செலவு காரின் விலையையே தின்றுவிடும். முன்கூட்டியே மாற்றிவிடலாம்தான். அதற்கு கியர்பாக்ஸையும் கிளட்சையும் கழற்ற வேண்டும், அதனால் விவரமானவர்கள் கிளட்ச் மாற்றும்போதே இதையும் சேர்த்து மாற்றுவார்கள். 2006-க்குப் பிறகு வந்த பெரிய பேரிங் பலமானது, ஆனால் என்ஜினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புது என்ஜினில் அந்தத் தண்டே இல்லை.

விற்பவருக்கு ஃபோன் செய்தேன். "பேரிங் மாத்தின பில் இருக்கா?" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நல்லா ஓடுது" என்றார். கிளட்ச் பில்? இல்லை. எந்த பில்லும் இல்லை. காரில் கோளாறு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் பிரச்சினை. விட்டுவிட்டேன்.

எல்லாமே யானை இல்லை

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கையைக் கடிக்கும் என்றும் சொல்ல முடியாது. 1989-ல் வந்த மாஸ்டா மியாட்டா, 2016-ல் பத்து லட்சமாவது காரைத் தொட்டது. எடை குறைவு, அதனால் டயரும் பிரேக்கும் சிறியவை. பாகங்கள் எங்கும் கிடைக்கும். 2005 வரையிலான கார்களில் டைமிங் பெல்ட், சுமார் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றணும். 2006 மாடலிலிருந்து செயின். நம் பக்கம் பனிக்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு இதற்கு எதிரி. கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

மூன்று மாநிலம், மூன்று தலைவலி

ஃப்ரீமான்ட்டில் இருக்கும் சித்தப்பா மகனிடமும், பிளேனோவில் இருக்கும் அத்தானிடமும் பேசினேன். ஒவ்வொரு ஊரிலும் கதை வேறு.

கலிஃபோர்னியாவில் ஸ்மாக் டெஸ்ட். விற்பவர்தான் 90 நாளுக்குள் எடுத்த சான்றிதழ் தர வேண்டும். "நான் அப்புறம் பண்ணிக்கிறேன்" என்று நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள். யாரோ மாட்டிய அனுமதி இல்லாத இன்டேக் ஒன்று இருந்தால்கூட ஃபெயில்.

டெக்சஸில் 2025 ஜனவரி முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. டல்லஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் சுற்றுவட்டாரக் கவுன்டிகளில் புகைச் சோதனை மட்டும் உண்டு. அதனால் பிரேக், டயரை நாம்தான் பார்த்துக்கொள்ளணும். தனியாரிடம் வாங்கும்போது மாநிலம் வைத்திருக்கும் மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே விலை போட்டால், வரி அந்த 80 சதவீதத்துக்குத்தான்.

நியூ ஜெர்சியில் பழைய காருக்கும் லெமன் லா இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அது டீலரிடம் வாங்கிய, 7 மாடல் வருஷத்துக்கும் 1,00,000 மைலுக்கும் உட்பட்ட கார்களுக்கு. 2003 பாக்ஸ்டருக்கு உதவாது.

மகள் கேட்ட கேள்வி

இங்கே பதினேழு வயதில் தனியாக ஓட்டும் லைசென்ஸ் கிடைக்கும். வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லாரையும் இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கில் எடுப்பார்கள். பதினேழு வயசும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே பாலிசியில் சேர்ந்தால் பிரீமியம் எங்கே போகும்? வாங்கும் முன்பே காரின் வின் நம்பரைக் கொடுத்து விலை கேளுங்கள். வாரக்கடைசியில் மட்டும் ஓட்டும் கார்களுக்கு, மதிப்பை முன்பே ஒப்புக்கொண்டு போடும் பாலிசி உண்டு. ஆனால் தினசரி ஓட்ட வேறு கார் வேண்டும், புது டிரைவர்களை அவர்கள் எளிதில் சேர்ப்பதில்லை.

"உனக்கு இல்லம்மா, சாரி" என்றேன். "அப்போ கியர் மாத்தவாவது சொல்லிக்கொடுங்க" என்றாள். அது நியாயம்தான்.

போய்ப் பார்க்கும் முன்

முதலில் பில்லைக் கேளுங்கள், அப்புறம் ஃபோட்டோவைப் பாருங்கள். வின் நம்பரைப் போட்டு அரசாங்கத் தளத்தில் ரீகால் பாக்கி உண்டா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது.

இருபது டாலருக்கு ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கிக்கொள்ளுங்கள். 1996-க்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் வேலை செய்யும். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும், "சோதனைகள் முடியவில்லை" என்று காட்டினால், யாரோ சமீபத்தில் கோளாறு எண்ணை அழித்திருக்கலாம். கடைசியாக, அந்த மாடல் தெரிந்த தனி மெக்கானிக்கிடம் சில நூறு டாலர் கொடுத்துச் சோதியுங்கள். விற்பவர் மறுத்தால், "ரொம்ப தேங்க்ஸ்" சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே விதி. கையில் 13,000 இருந்தால் 9,000-க்குத்தான் கார். மீதி 4,000 காரின் பெயரில் தனியாகக் கிடக்கும். அது தீர்ந்தால் கார் நிற்கும், 529 கணக்கில் கை வைக்கக் கூடாது. போட்டது நான், கையெழுத்து வாங்கியது மனைவி.

இன்னும் கார் வாங்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். வாரா வாரம் ஃபோனில் கேட்கிறார்: "என்னடா, வண்டி வந்துதா?"

"பில்லோட ஒண்ணு வரட்டும்பா" என்கிறேன்.