இரண்டு வளையங்களின் காத்திருப்பு

உங்கள் விரல்நுனித் தோலின் அடியில் ஒரு செல் இரண்டாகப் பிரியப் போகிறது. அதற்கு முன் அது சுமார் 600 கோடி எழுத்துகள் கொண்ட தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். நம் செல்களில் படியெடுக்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 எழுத்துகள். முதல் குரோமோசோமில் மட்டும் கிட்டத்தட்ட 25 கோடி எழுத்துகள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை போய்ச் சேர மூன்று மாதம் பிடிக்கும். செல்லோ மொத்த வேலையையும் சுமார் எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. பல்லாயிரம் இடங்களில் வேலை தொடங்குவதால்தான் இது நடக்கிறது.

ஆனால் படியெடுத்த இடத்தில் மறுபடி தொடங்கிவிடக் கூடாதே! இதற்குச் செல் கண்டிருக்கும் வழி அபாரமானது: தேர் கட்டும் நாள் வேறு, வடம் பிடிக்கும் நாள் வேறு.

முதலில் ஓ.ஆர்.சி. என்ற ஆறு புரதங்களின் கூட்டு டி.என்.ஏ.வில் வந்து உட்காரும். ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும் 1992-இல் ஈஸ்ட் செல்களில் கண்டுபிடித்த கூட்டு இது. சி.டி.சி.6, சி.டி.டி.1 என்ற புரதங்கள் துணைக்கு வர, எம்.சி.எம். என்ற வளையம் வாய் திறந்து டி.என்.ஏ.வைச் சுற்றி மூடிக்கொள்ளும். அடுத்து இன்னொரு வளையம். இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும். இழைகளைப் பிரிக்கப்போகும் இயந்திரம் இதுதான் என்றாலும் இப்போதைக்கு அசையாது.

நேரம் வந்ததும் கைனேஸ் நொதிகள் உத்தரவு கொடுக்கும். சி.டி.சி.45, ஜின்ஸ் என்ற இரண்டும் ஒவ்வொரு வளையத்தோடும் இணைந்தால்தான் அது ஓடும். விலங்குகளில் ஜின்ஸைக் கொண்டுவந்து சேர்ப்பது டான்சன் என்ற புரதம் என்பதைப் பல ஆய்வகங்கள் 2023-இல்தான் உறுதிசெய்தன. ஈஸ்டில் அந்தப் புரதமே இல்லை. பிறகு நடப்பதுதான் அழகு. ஒவ்வொரு வளையமும் இரண்டு இழைகளில் ஒன்றை வெளியே விட்டு, ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளும். எதிரெதிரே நின்ற இரண்டும் ஒன்றையொன்று கடந்து, ஆளுக்கொரு திசையில் இழைகளைப் பிரித்தபடி போகும்.

அதே சமயம் ஜெமினின் என்ற புரதம் பெருகி, சி.டி.டி.1-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சும் சி.டி.டி.1-ஐயும் செல் சிதைத்துவிடும். செல் பிரிந்து முடியும்வரை புது வளையம் ஏற வழியில்லை.

ஓ.ஆர்.சி., சி.டி.சி.6, சி.டி.டி.1 ஆகியவற்றின் மரபணுக்களில் பழுது நேர்ந்தால் வருவது மையர்-கார்லின் என்ற அரிய நோய். அந்தக் குழந்தைகள் உயரம் குன்றியிருப்பார்கள். காது மிகச் சிறிதாக இருக்கும். பலருக்கு முழங்கால் சில்லே இருக்காது.