இடையில் நின்றுபோகும் கணினி: பழி விளையாட்டுக்கா?

"பிள்ளை கேம் விளையாடியே கொம்பியூட்டரைப் பழுதாக்கிப் போட்டான்." சுன்னாகம் பக்கத்தில் வீட்டோடு சிறியதொரு தட்டச்சு, நகலெடுக்கும் நிலையம் நடத்தும் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது.

அப்படித்தான் ஓர் அக்காவும் வந்தார். கணவர் காணாமற்போனவர். மகன் கிரிக்கெட் விளையாட்டைத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் கணினி அப்படியே நின்றுவிடுகிறதாம். "புதிசு வாங்குங்கோ" என்று திருத்துபவர் ஒருவர் சொல்லிவிட்டார். அக்கா நுண்கடன் எடுக்கும் யோசனையில் இருந்தார். வாரத் தவணை என்ன செய்யும் என்று நம் சகோதரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

"அக்கா, விளையாட்டு நோயைக் கொண்டு வரேல்லை. இருந்த நோயைக் காட்டித் தந்திருக்கு" என்றேன்.

கடிதம் தட்டச்சிடும்போது கணினிக்கு வேலை குறைவு. விளையாடும்போது அதன் உறுப்புகள் முழு வலுவோடு இயங்கும். சூடு ஏறும், மின்சாரமும் கூடுதலாக வேண்டும். தனியே ஓடும்போது தெரியாத சைக்கிள் ரியூப்பின் பலவீனம், டபிள் ஏற்றியதும் தெரிவதைப் போலத்தான்.

முதலில் செய்தது படியெடுப்பது. கணவரின் அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாடு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன. அவற்றை இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றினோம். ஒன்றைத் தங்கையின் வீட்டில் வைக்கச் சொன்னேன். 1995 இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது ஒரு கொப்பி. எத்தனை மணிக்கு நின்றது, எப்படி நின்றது என்று மகனையே எழுதச் சொன்னேன். நின்ற விதம் காரணத்தைச் சொல்லும்:

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால், அதன் கோப்புகள் பழுதாகியிருக்கலாம். நீக்கிவிட்டு மறுபடி நிறுவ வேண்டும். திரைக்காட்சிக்குரிய டிரைவர் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். கள்ளப் பிரதி இறுவட்டுகளில் வைரஸும் வரும்.

நீலத்திரை வந்தால் றாம் நினைவகத்தைப் பாருங்கள். கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து இறுக்கமாகப் பொருத்தினால் சிலவேளை சரியாகும். நினைவகத்தைச் சோதிக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது.

முழுக் கணினியும் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் சூடு, இல்லையேல் மின்சாரம்.

அக்காவின் கணினி மூன்றாவது வகை. பிளக்கைக் கழற்றி, பக்க மூடியைத் திறந்தோம். காற்றாடியில் செம்மண் புழுதி அடைபோல் அப்பியிருந்தது. காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தட்டினோம். சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியைத் தள்ளி வைத்தோம்.

அதன்பின் பகலில் ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. ஆனால் மாலையில் மறுபடியும் நின்றது. கொப்பியைப் புரட்டினோம். மாலையில் நின்றதெல்லாம் ஆறு, ஆறரை மணிக்கு. அது வீட்டில் தண்ணீர் மோட்டர் போடும் நேரம்! இரண்டும் ஒரே மின்தொடுப்பில் இருந்தன. மோட்டர் இயங்கத் தொடங்கியதும் மின் அழுத்தம் இறங்கி, கணினி நின்றிருக்கிறது. மின்னியலாளர் ஒருவர் தளர்ந்திருந்த பிளக் பொயின்றை மாற்றி, மோட்டருக்கு வேறு இணைப்புக் கொடுத்தார். கடன் எடுக்கும் தேவை வரவில்லை.

சகோதரிகளே, ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றிப் பாருங்கள், எழுதுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். கணினிக்குள் இருக்கும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். புழுதி தட்டவும் நேரம் குறிக்கவும் எங்களால் முடியும். புதிது வாங்கச் சொல்பவரிடம் "என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு காசைப் பற்றிப் பேசலாம்.