தபாலில் வந்த தாளம்: தொலைவுக் கூட்டிசையும் ஆசிரியன் என்னும் பிரச்சினையும்

இரண்டு இளம் தோழர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். டொரண்டோவில் ஒருவர், பாரிஸில் ஒருவர், இங்கே இவர்கள் இருவர் என நால்வராகச் சேர்ந்து, இணையத்தின் வழியே ஒரு மின்னணு இசைத் தொகுப்பைச் செய்து கொண்டிருக்கிறார்கள். நால்வரும் ஒரே அறையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ‘எட்டுப் பாட்டு முடிஞ்சிருச்சு தோழர், நீங்க ஒரு முன்னுரை எழுதித் தரணும்’ என்றார்கள். கேட்டேன். மூன்றாவது பாட்டு என்னைப் பிடித்து உட்கார வைத்தது. சிந்தசைசரின் கார்வை, பிரெஞ்சில் ஒரு ராப் குரல், அடியில் பறை. ‘பறை யார் வாசிச்சது?’ என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘அது ஒரு கோப்பு தோழர். ஊர்ல ஒரு சாவுல பதிவு பண்ணினது.’ கோப்பின் பெயரைக் காட்டினார்கள்: ‘பறை லூப் 3’.

முன்னுரையை அன்று எழுதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது. தொலைவில் இருந்தபடி சேர்ந்து இசைப்பது எப்படி நடக்கிறது, அதில் யார் ஆசிரியனாகிறார்கள், யார் வெறும் கோப்பாகிறார்கள் என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

1

முதலில் ஒரு பொதுப்புத்தியைக் கலைத்துவிட வேண்டும். இணையம் தூரத்தை ஒழித்துவிட்டது என்கிறார்கள். இசையைப் பொறுத்தவரை இது பொய். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கிறவரின் அடி நம் காதுக்கு ஏறக்குறைய 30 மில்லி நொடி தாமதமாக வருகிறது. அதற்கு மேல் போனால் சேர்ந்து வாசிப்பவர்களின் காலம் தளர ஆரம்பித்துவிடும். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பார், அவர் இவருக்காகக் காத்திருப்பார், தாளம் மெல்ல மெல்லப் படுத்துவிடும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகிறது. சென்னைக்கும் டொரண்டோவுக்கும் இடையே ஏறத்தாழ 13,000 கி.மீ. ஆக, எந்த இடையூறும் இல்லாமல் நேர்கோட்டில் போனாலும் ஒரு வழிக்கு மட்டும் 65 மில்லி நொடி. உண்மையில் இதைவிட அதிகமே ஆகும். ஸ்டான்போர்டில் கிறிஸ் சேஃப் முதலானோர் உருவாக்கிய ஜாக்ட்ரிப் போன்ற மென்பொருள்கள் 2020ஆம் ஆண்டின் கொரோனா அடைப்புக் காலத்தில் பலருக்குக் கைகொடுத்தன. ஆனால் அருகருகே உள்ள ஊர்களுக்குள்தான் அவை நன்றாக வேலை செய்யும். கண்டங்களுக்கிடையே இயற்பியல் குறுக்கே நிற்கிறது.

ஆகவே தொலைவில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் வாசிப்பதில்லை. மாறி மாறி வாசிக்கிறார்கள். ஒருவர் பதிவு செய்து அனுப்புவார். அடுத்தவர் அதன்மேல் தன்னுடையதை ஏற்றி அனுப்புவார். இது கச்சேரி அல்ல, கடிதப் போக்குவரத்து. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புதிதல்ல. முகம் பார்க்காதவர்கள் கடிதத்திலேயே சண்டை போட்டு, சமாதானமாகி, இதழ் கொண்டுவந்த கதை நமக்கு உண்டு.

2

கடிதம் என்று உவமைக்காகச் சொல்லவில்லை. 2001, 2002 வாக்கில் லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த ஜிம்மி டாம்போரெல்லோ மின்னணுத் தாளக்கோர்வைகளைச் செய்து தபாலில் அனுப்புவார். சியாட்டிலில் இருந்த பென் கிப்பர்ட் அவற்றை வெட்டி ஒட்டி, மெட்டும் சொல்லும் குரலும் ஏற்றித் திருப்பி அனுப்புவார். 2003 பிப்ரவரியில் ‘கிவ் அப்’ என்ற ஆல்பமாக அது வெளிவந்தது. குழுவின் பெயரே ‘போஸ்டல் சர்வீஸ்’. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இணையம் இருக்கும்போது தபால் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி தரத்தில் ஒரு நிமிட ஒலி ஏறக்குறைய 10 மெகாபைட். நான்கு நிமிடப் பாட்டின் ஒரேயொரு தடம் 40 மெகாபைட். அன்றைய தொலைபேசி மோடத்தில் அதை அனுப்ப ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு பாட்டுக்கு இருபது தடங்கள் இருந்தால்? தபால்காரர்தான் வேகம். அதே பாட்டை எம்பி3யாகச் சுருக்கினால் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும், பத்து நிமிடத்தில் போய்விடும். ஆனால் காதுக்கு எட்டாது என்று கணித்த விவரங்களை எம்பி3 தூக்கி எறிந்துவிடுகிறது. யாருடைய காது, எதற்கு எட்டாது என்று யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி இருக்கட்டும். எறிந்தது திரும்பி வராது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எங்கள் வணிகப்பெயரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று 2003இல் அமெரிக்கத் தபால் துறை கடிதம் அனுப்பியது. கடைசியில் சமரசம்: பெயரை வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தபாலுக்கு விளம்பரம் செய்ய வேண்டும். 2004இல் தபால் துறைத் தலைமை அதிகாரிகளின் மாநாட்டில் குழு வாசிக்கவும் ஏற்பாடாயிற்று. அதிகாரம் எப்போதும் தடிகொண்டுதான் வரும் என்பதில்லை, மேடை போட்டும் கூப்பிடும்.

அடுத்த உதாரணம் முழுக்க இணையத்திலேயே நடந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து நிகோலே தன் தாளக்கோர்வைகளை இணையத்தில் போட்டு வைத்தார். வட கரோலினாவில் ‘லிட்டில் பிரதர்’ என்னும் ஹிப்-ஹாப் குழுவில் இருந்த கறுப்பினப் பாடகர் ஃபொன்டே அதைக் கேட்டுவிட்டு, இதன்மேல் நான் பாடட்டுமா என்றார். உடனடிச் செய்தியிலும் மின்னஞ்சலிலும் கோப்புகள் அங்குமிங்கும் போயின. 2004இல் ‘கனெக்டட்’ வந்தது. ஆல்பம் முடியும்வரை இருவரும் நேரில் சந்திக்கவில்லை. குழுவின் பெயர் ‘ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்’, அதாவது அந்நியச் செலாவணி. கேலியாக வைத்தார்களோ என்னவோ, சரியான பெயர். செலாவணி என்றால் மாற்று விகிதம் என்று ஒன்று உண்டு. இரண்டு நாணயங்களும் பெரும்பாலும் சம மதிப்பில் இருப்பதில்லை.

3

மாறி மாறி வாசிக்க ஒரு நிபந்தனை உண்டு. நான் அனுப்பும் கோப்பின்மேல் நீங்கள் ஏற்ற வேண்டுமானால், நம் இருவருக்கும் பொதுவாக ஒரு காலக் கட்டம் வேண்டும். மென்பொருள் அதைத் தருகிறது. பரவலாகப் புழங்கும் இசை மென்பொருள்கள் பலவற்றைத் திறந்தாலும் முதலில் நிற்பது ஒரே எண்தான்: நிமிடத்துக்கு 120 அடி, நான்குக்கு நான்கு. மாற்றலாம், தடையில்லை. ஆனால் மாற்றாதவரை அதுதான் இருக்கும். கேட்காமலேயே கொடுக்கப்படுவது, ‘இயல்பு’ என்ற பெயரில் வருவது, இதைத்தானே கருத்தியல் என்று நாம் படித்தோம்?

இன்னொன்றும் உண்டு, ‘குவான்டைஸ்’. மனிதக் கை முன்னே பின்னே விழும் அடிகளை இழுத்துக் கட்டத்தில் உட்கார வைக்கும் வேலை அது. பறையில் இது என்ன செய்யும்? தோலைத் தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியுமாக நாலைந்து பேர் நின்று அடிக்கும்போது வேகம் ஏறும். ஆட்டக்காரர் காலைப் பார்த்து ஏறும், கூட்டத்தைப் பார்த்து ஏறும். அந்த ஏற்றம்தான் அடி. நம் தோழர்கள் அதை நறுக்கி, நீட்டி, 120இல் உட்கார வைத்திருந்தார்கள். ‘இல்லேன்னா டொரண்டோ கிடார் ஒட்டாது தோழர்.’ உண்மைதான், ஒட்டாது. ஆனால் கிடார் பறைக்கு ஒட்டலாம் என்பது ஏன் யாருக்கும் தோன்றவில்லை? நால்வரும் சமம் என்கிற கூட்டு உழைப்பில், ஐந்தாவது ஆள் மட்டும் கட்டத்துக்குள் வர வேண்டியிருந்தது. அவர்தான் பேச்சுவார்த்தையில் இல்லையே!

4

தொண்ணூறுகளில் நாம் ஆசிரியனின் மரணத்தைக் கொண்டாடினோம். பார்த்தின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டாத இதழ் குறைவு. பிரதி என்பது பல பிரதிகளின் நெசவு, மூலம் என்று ஒன்றில்லை என்றெல்லாம் எழுதினோம். நானும் எழுதியிருக்கிறேன். வெட்டி ஒட்டும் மின்னணு இசையைக் கேட்கும்போது, பார்த் சொன்னது காதுக்கே கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் செத்தது எந்த ஆசிரியன் என்று நாம் கேட்கவில்லை.

1969இல் வாஷிங்டனைச் சேர்ந்த ‘வின்ஸ்டன்ஸ்’ குழு ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற துண்டைப் பதிவு செய்தது. அதன் நடுவே கிரிகரி கோல்மன் ஏழு நொடிபோலத் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். அந்த ஏழு நொடி ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகள் பெருமளவு அதன் முதுகில் நிற்கின்றன. கோல்மனுக்கு ஒரு பைசா வரவில்லை. 2006இல் வீடற்றவராகச் செத்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் வசூல் செய்து 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அது உரிமைத்தொகை அல்ல, நன்கொடை.

பிரையன் ஈனோவும் டேவிட் பைர்னும் 1981இல் வெளியிட்ட ‘மை லைஃப் இன் த புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ வானொலியிலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் எடுத்த குரல்களால் ஆனது. லெபனான் பாடகி துன்யா யூனிஸின் குரலும் அதில் உண்டு. குர்ஆன் ஓதும் குரல் இருந்த ஒரு துண்டை, எதிர்ப்பு வந்த பிறகு, பின்வந்த பதிப்புகளில் நீக்கினார்கள். 2006இல் மறுவெளியீடு செய்தபோது இரண்டு பாடல்களின் தனித்தனித் தடங்களை, யாரும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் திறந்துவிடும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். இருவரும் 2008இல் வெளியிட்ட ‘எவ்ரிதிங் தட் ஹேப்பன்ஸ் வில் ஹேப்பன் டுடே’ பெரும்பாலும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே மின்னஞ்சலில் உருவானது. அதில் குழப்பம் எழவில்லை. இரண்டு பெயர், இரண்டு பங்கு. கோப்பின் இரு முனையிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்கிடையே நீதி இருக்கிறது. கோப்புக்குள் இருப்பவருக்குத்தான் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் ‘இசைப்படைப்பு’ என்பதை வரையறுத்தபோது மெட்டையும் சுரச்சேர்க்கையையும் சொன்னது. அதுவும் அச்சிலோ எழுத்திலோ வரைவடிவிலோ இருக்க வேண்டும் என்றது. அதாவது எழுதாதது இசை அல்ல. தாளம் அந்த வரையறையில் இல்லவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்கு வந்த பறை, 1994இல் சட்டம் திருத்தப்படும்வரை, சட்டத்தின் காதில் இசையே அல்ல. அந்த ஆண்டுத் திருத்தம்தான் வாசிப்பவருக்கும் பாம்பாட்டிக்கும் கழைக்கூத்தாடிக்கும் ‘நிகழ்த்துநர் உரிமை’ என்று ஒன்றைக் கொடுத்தது. 2012இல் அதில் உரிமைத்தொகையும் சேர்ந்தது. ஏட்டில் இருக்கிறது. சாவு வீட்டில் கைபேசியை நீட்டிப் பதிவு செய்கிறவனிடம் யார் போய் இதை எடுத்துச் சொல்வது?

5

இதையெல்லாம் தோழர்களிடம் சொன்னேன். ‘பேரைப் போட்டுட்டா சரியாயிடுமா தோழர்?’ என்றார்கள். ஆகும் என்றேன். ரொம்பத் தெளிவாக இருப்பதாக எனக்கு நினைப்பு.

ஊருக்குப் போனார்கள். பதிவில் அடித்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். இரண்டாமவர் பாட்டைக் கேட்டுச் சிரித்தாராம். ‘வேகமே ஏறலியேப்பா, படுத்துக் கெடக்கு’ என்றாராம். மறுபடி அடித்துக் கொடுத்தார், பெயர் போடச் சொன்னார். மூன்றாமவர் பெரியவர். அவர் சொன்னது வேறு. ‘பங்கு குடுங்க, வாங்கிக்கிறேன். பேரு வேணாம். சாவுக்கு அடிக்க மாட்டேன்னு ஊரோட மல்லுக்கட்டித்தான் என் மகன் வெளியூர் போயிருக்கான். அப்பன் பேரு பறையோட சேர்ந்து அங்க போக வேணாம்.’

நான் வாயடைத்துப் போனேன். ஈனோவுக்கும் பைர்னுக்கும் பெயர் ஒரு மூலதனம். இந்தப் பெரியவருக்குப் பெயர் என்பது சாதி தன்னைக் கண்டுபிடிக்கும் வழி. ஆசிரியனைக் கொல்வதும் நாமே, உயிர்ப்பிப்பதும் நாமே என்று முடிவு செய்துகொண்டு, பெயரைப் போட்டால் நீதி வந்துவிடும் என்று நான் சொன்னதும் ஒரு குவான்டைஸ்தான். பெயர் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை, கட்டத்தை மாற்றச் சொல்லும் உரிமை, பங்கு கேட்கும் உரிமை, வேண்டாம் என்று கோப்பைத் திரும்பக் கேட்கும் உரிமை, இவைதான் அவரிடமிருந்து எடுக்கப்பட்டவை. கொடுக்க வேண்டியவையும் இவையே.

மூன்றாவது பாட்டு இப்போது வேகம் ஏறிக்கொண்டே போகிறது. பாரிஸ்காரர் தன் ராப்பை மறுபடி பதிவு செய்தார். டொரண்டோ கிடார் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறதாம். தடுமாறட்டும். பங்கு நான்காக இல்லை, ஏழாகப் பிரிகிறது. இறந்தவரின் பங்கு அவர் மனைவிக்கு. உறையில் ஆறு பெயர்கள் இருக்கும். ஏழாவது இடத்தை வெறுமையாக விடுவதா, விடாமலே இருப்பதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. அதையும் பெரியவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.